வங்கி ‘முடியாது’ என்றால்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வால்டாக்ஸ் சாலைப் பக்கம் நடைபாதையில் குடியிருக்கிறோம். கையில் ரேஷன் அட்டை தவிர வேறு எதுவும் இல்லை. ‘அட்ரஸ் ப்ரூஃப் இல்லாமல் கணக்கு கிடையாது’ என்று வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு வழி உண்டா?
– வாசகி, சென்னை

பதில்: உண்டு. ‘சிறு கணக்கு’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வெறுமனே ‘ஜீரோ பேலன்ஸ் கணக்கு’ என்றால் கவுன்டரில் ஆதாரைத்தான் கேட்பார்கள். கே.ஒய்.சி. (வாடிக்கையாளர் யார் என்று வங்கி சரிபார்க்கும்) விதிகள் ஏற்கும் அடையாள ஆவணங்கள் ஆறு: பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆதார், வாக்காளர் அட்டை, மாநில அரசு அலுவலர் கையெழுத்திட்ட நூறு நாள் வேலை அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுக் கடிதம். ரேஷன் அட்டை அதில் இல்லை. அந்த அளவில் வங்கி சொன்னது சரி. ஆனால் இந்த ஆறில் ஒன்றுகூட இல்லாதவர்களுக்காகவே சிறு கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் திருப்பி அனுப்பியதுதான் தவறு.

ஒரு புகைப்படம் போதும். அதில் நீங்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். வங்கி அதிகாரி, தன் முன்னிலையில் வைத்ததாகச் சான்று எழுதுவார். கணக்குக்கு மூன்று வரம்புகள் உண்டு. ஒரு நிதியாண்டில் மொத்த வரவு 1 லட்சம் ரூபாய். ஒரு மாதத்தில் எடுப்பதும் அனுப்புவதும் சேர்த்து 10,000 ரூபாய். எந்த நேரத்திலும் இருப்பு 50,000 ரூபாய். அரசு உதவித்தொகை வரும்போது இந்த இருப்பு வரம்பைப் பார்க்க மாட்டார்கள். வெளிநாட்டுப் பணம் இதில் வாங்க முடியாது.

கணக்கு முதலில் 12 மாதம் ஓடும். அதற்குள் ஏதாவது ஓர் அடையாள ஆவணத்துக்கு விண்ணப்பித்த ரசீதைக் காட்டினால் இன்னும் 12 மாதம் கிடைக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கணக்கு கிடைத்ததும் ஆவணத்தை மறந்துவிடுகிறார்கள், இரண்டாம் ஆண்டு முடிவில் கணக்கு நின்றுவிடுகிறது. உங்களுக்கு எளிது வாக்காளர் அட்டைதான். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-இல் வீடற்றவர் தான் படுத்துறங்கும் இடத்தை முகவரியாக எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து, நீங்கள் அங்கேதான் உறங்குகிறீர்களா என்று ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் பார்ப்பார். உறுதியானால் முகவரிக்குத் தனிச் சான்று தேவையில்லை. அட்டை வந்தவுடன் வங்கியில் கொடுத்து, வரம்புகள் இல்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச இருப்பு கிடையாது, ஏ.டி.எம். அட்டைக்குக் கட்டணம் கிடையாது, மாதம் குறைந்தது நான்கு முறை இலவசமாகப் பணம் எடுக்கலாம்.

கிளையில் மறுபடியும் ‘முடியாது’ என்றால் வாக்குவாதம் வேண்டாம். ஒரு தாளில் விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை கேளுங்கள். வாயால் மறுக்கிறவர்கள் அதையே எழுத்தில் தரத் தயங்குவார்கள்.

கேள்வி: நான் திருநங்கை. ஆதாரில் பழைய பெயரும் பழைய படமும். ‘ஆள் வேறு மாதிரி இருக்கு’ என்று கே.ஒய்.சி. புதுப்பிக்க மறுக்கிறார்கள். நல வாரிய அட்டையைக் காட்டியும் பயனில்லை.
– வாசகி, விழுப்புரம்

பதில்: வாரிய அட்டையும் மேலே சொன்ன ஆறில் இல்லை. எனவே வரிசையை மாற்றுங்கள். மாவட்ட ஆட்சியர் தரும் திருநர் அடையாளச் சான்றை முதலில் வாங்குங்கள். அதை வைத்து ஆதாரில் பெயர், பாலினம், படம் மூன்றையும் ஒரே தடவையில் திருத்துங்கள். அடுத்து பான், கடைசியில் வங்கி. வங்கியில் தொடங்கிப் பின்னோக்கிப் போனால் ஒவ்வோர் இடத்திலும் ‘மற்றதில் வேறு பெயர் இருக்கிறதே’ என்பார்கள்.

ஆதார் திருத்தம் தாமதமானால் அரசிதழ் அறிவிக்கை கைகொடுக்கும். பழைய பெயரில் உள்ள ஆவணத்தோடு பெயர் மாற்ற அரசிதழை இணைத்தால் வங்கி அதை ஏற்க வேண்டும் என்பது கே.ஒய்.சி. விதியிலேயே இருக்கிறது. படிவத்தில் மூன்றாம் பாலினத்துக்குக் கட்டம் இல்லை என்று சொன்னால், 2015 ஏப்ரலிலேயே எல்லாப் படிவங்களிலும் அதைச் சேர்க்கும்படி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டதை நினைவுபடுத்துங்கள். துணையோடு கூட்டுக் கணக்கு தொடங்கவோ அவரை நாமினியாகப் போடவோ தடையில்லை என்று நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியிருக்கிறது.

கேள்வி: திருப்பூரில் செல்போன் கடை. முன்பின் தெரியாத ஒருவர் ஹெட்செட் வாங்கி கியூ.ஆரில் 1,400 ரூபாய் அனுப்பினார். பத்து நாள் கழித்து என் மொத்தக் கணக்கும் முடங்கிவிட்டது. ‘வேற ஸ்டேட் சைபர் கிரைம், எங்க கையில இல்ல’ என்கிறது வங்கி. உள்ளே 3 லட்சத்துக்கு மேல் இருக்கிறது.
– வாசகர், திருப்பூர்

பதில்: முதல் வேலை, கடையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆரை இன்றே கிழித்துவிட்டு வேறு வங்கிக் கணக்கின் கியூ.ஆரை ஒட்டுங்கள். இப்படி முடக்கும்போது பெரும்பாலும் பற்றைத்தான் நிறுத்துவார்கள், வரவு தொடரும். வியாபாரப் பணம் தினமும் உள்ளே போய் மாட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கிலிருந்து கடன் தவணை பிடிக்கப்படுகிறது என்றால் அதையும் மாற்றுங்கள். தவணை தவறினால் கிரெடிட் ஸ்கோர் விழும், அதற்குச் சைபர் கிரைம் பொறுப்பேற்காது.

நடந்தது இதுதான்: எங்கோ ஒருவர் பணத்தை இழந்து, சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-இல் புகார் கொடுத்திருப்பார். அந்தப் பணம் கைமாறிப் போன கணக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டே வருவார்கள். ஏமாற்றியவனோ அவனிடமிருந்து வாங்கியவனோ உங்கள் கடையில் செலவழித்ததால் சங்கிலியில் நீங்களும் ஒரு கண்ணி. நீங்கள் குற்றவாளி என்று இதற்குப் பொருளில்லை.

வங்கியிடம் எழுத்தில் இவற்றைக் கேளுங்கள்: புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலம், எந்த நிலையம், விசாரணை அதிகாரியின் அலுவலக மின்னஞ்சல், எந்தச் சட்டப் பிரிவு, சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு, எந்தப் பரிவர்த்தனை. கடைசி இரண்டும்தான் உயிர்நாடி. சர்ச்சை 1,400 ரூபாய்க்கு என்றால் அந்தத் தொகையை மட்டும் ‘லீன்’ போட்டு, அதாவது எடுக்க முடியாதபடி பிடித்து, நிறுத்தினால் போதும். மீதியை முடக்க வேண்டியதில்லை. கேரள உயர் நீதிமன்றம் 2023-லும் சென்னை உயர் நீதிமன்றம் 2024-லும் இந்த நோக்கில் தீர்ப்பளித்திருக்கின்றன.

அடுத்து, ஸ்டேட்மென்டில் அந்த வரவைக் கண்டுபிடித்து அதன் 12 இலக்க யு.பி.ஐ. எண்ணைக் குறியுங்கள். விற்பனை பில், அந்த ஹெட்செட்டை நீங்கள் வாங்கிய மொத்த வியாபாரியின் பில், ஜி.எஸ்.டி. பதிவு, கடையின் படம் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி விசாரணை அதிகாரிக்கு அனுப்புங்கள், வங்கிக்கும் நகல் போடுங்கள். ‘சர்ச்சைத் தொகை லீனில் இருக்கட்டும், மீதியை விடுவியுங்கள்’ என்பதே கோரிக்கையாக இருக்கட்டும். மொத்தத்தையும் கேட்டால் இழுபடும்.

செய்யக்கூடாதவை: அந்த வாடிக்கையாளருக்கு நீங்களாகப் பணத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள், அது இரண்டாவது இழப்பாகும். ‘அன்ஃப்ரீஸ் செய்து தருகிறேன்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களை அண்டவிடாதீர்கள். அதிகாரி என்று சொல்லித் தனிக் கணக்குக்குப் பணம் கேட்டால் அதுவும் மோசடிதான்.

பதில் வரவில்லை என்றால் நீதிமன்றம்தான். காவல்துறை பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 106-வது பிரிவில் முடக்கினால் உடனே நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தார்களா என்று உங்கள் வழக்கறிஞர் கேட்கட்டும். இங்கேதான் பல முடக்கங்கள் ஆட்டம் காண்கின்றன. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் போடலாம், அதற்கு அந்த மாநிலத்துக்கு ஓட வேண்டியதில்லை. வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேன் காவல்துறை உத்தரவில் தலையிட மாட்டார். ஆனால் காவல்துறை தொகையை மட்டும் நிறுத்தச் சொல்லி, வங்கி மொத்தத்தையும் முடக்கியிருந்தால் அது வங்கியின் குறை. அதை அவரிடம் கொண்டுபோகலாம்.

கேள்வி: என் ஆத்தாவுக்கு 81 வயசு. கைரேகை விழுவதில்லை என்று முதியோர் பென்ஷனைத் தர மறுக்கிறார் வங்கி முகவர்.
– வாசகர், மணப்பாறை

பதில்: விரலைத் துடைத்து லேசாக ஈரப்படுத்தி, மோதிர விரலையும் சேர்த்துப் பத்து விரலையும் முயலச் சொல்லுங்கள். ஆள்காட்டி விரலோடு நிறுத்திவிடுவார்கள். அதுவும் விழாவிட்டால் கிளைக்குப் போங்கள். அங்கே பயோமெட்ரிக் கட்டாயமில்லை. பணம் எடுக்கும் சீட்டில் கைநாட்டு போதும். கையே வைக்க முடியாதவர்கள் கால்விரல் ரேகைகூட வைக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். முகவரிடம் கணக்கில் பணம் கழிந்து கையில் வராமல் போனால் ஐந்து நாளுக்குள் திரும்ப வர வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு.

கேள்வி: எனக்குப் பார்வை இல்லை. செக் புத்தகம் தர மாட்டோம் என்கிறார்கள்.
– வாசகர், மதுரை

பதில்: தர வேண்டும். செக், ஏ.டி.எம்., நெட் பேங்கிங், லாக்கர் எதையும் பார்வைக் குறைபாட்டைக் காட்டி மறுக்கக்கூடாது என்று 2008-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. செயலியில் ‘கண்ணைச் சிமிட்டு’ என்று கேட்டுத் தள்ளிவிடுவதையும் எதிர்க்கலாம், டிஜிட்டல் கே.ஒய்.சி.யில் மாற்று வழி வேண்டும் என்று 2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

கேள்வி: வடசென்னை முகவரியைப் பார்த்ததும் ‘நெகட்டிவ் ஏரியா’ (கடன் தர வங்கி தவிர்க்கும் பகுதி) என்று தனிநபர் கடனை மறுத்தார்கள். யாரிடம் முறையிடுவது?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: கடன் தரச் சொல்லி வங்கியை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. கணக்கு வேறு, கடன் வேறு. ஆனால் மறுப்பின் முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிப்பது அவர்கள் கடமை. மின்னஞ்சலில் கேளுங்கள். ‘நெகட்டிவ் ஏரியா’ என்று எழுதத் தயங்கி ‘உள் கொள்கை’ என்பார்கள், அதையும் சேமித்து வையுங்கள். கூடவே உங்கள் கிரெடிட் அறிக்கையை ஆண்டுக்கொரு முறை இலவசமாக எடுத்துப் பாருங்கள். ஏரியா என்று வாயால் சொல்லிவிட்டு, உண்மையில் பழைய கார்டு பாக்கி ஒன்று காரணமாக இருப்பதும் உண்டு. தவறான பதிவு என்றால் திருத்தக் கேளுங்கள். 30 நாளில் திருத்தாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு.

வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது பதில் திருப்தி இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் புகார்த் தளத்தில் ஒம்புட்ஸ்மேனுக்கு எழுதலாம். கட்டணமில்லை, வக்கீல் தேவையில்லை. விவரம் கேட்க 14448. நேராக ஒம்புட்ஸ்மேனிடம் போனால் திருப்பி அனுப்புவார்கள்; வங்கியிடம் கொடுத்த புகாரின் நகல் கட்டாயம் வேண்டும்.