பழைய பைக் எஞ்சின் இன்னும் எத்தனை நாள் ஓடும்? கேள்வி பதில்

மார்த்தாண்டம் பக்கம் 22 வருடமாக எஞ்சின் பிரித்துப் பூட்டுகிறேன். பழைய வண்டி வாங்குகிறவர்களும் வைத்திருக்கிறவர்களும் கேட்டதற்கு, தெரிந்த வரை பதில்.

தக்கலையிலிருந்து: அண்ணே, ஒரு ஸ்பிளெண்டர் பார்த்து வைத்திருக்கிறேன். மீட்டரில் 42,000 கிலோமீட்டர். நம்பி வாங்கலாமா?

மீட்டரை விடுங்கள் தம்பி. மீட்டர் கேபிள் அறுந்து வருடக்கணக்கில் ஓடின வண்டியெல்லாம் வருகிறது. காலையில் போங்கள், நான் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்கிறவரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், போனதும் முதல் வேலையாக எஞ்சின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடலாம். ஏனென்றால் சூடேறிவிட்டால் ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாது, பாதி சத்தம் அடங்கிவிடும். மேலே ஹெட்டில் 'டிக் டிக்' என்றால் பெரும்பாலும் டேப்பெட் (வால்வைத் தட்டித் திறக்கிற பாகம்), சின்ன வேலை. கீழே பிஸ்டன் சுற்றவைக்கிற கிராங்க் பக்கம் 'டொக் டொக்' என்று அடித்து, முறுக்க முறுக்கக் கனத்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.

குலசேகரத்திலிருந்து: காலையில் வெள்ளைப் புகை வருகிறது. எஞ்சின் போய்விட்டதா?

மழைக்காலத்தில் சைலன்சருக்குள் தங்கின ஈரம் அது, சூடானதும் நின்றுவிடும். நீலமாக வந்தால்தான் ஆயில் எரிகிறது. பேச்சிப்பாறை ரோட்டில் ஒரு நீளமான இறக்கத்தில், கியரிலேயே, ஆக்சிலேட்டரை முழுக்க விட்டு இறங்குங்கள். கீழே வந்து முறுக்கும்போது பின்னால் வருகிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு தடவை மட்டும் குபுக்கென்று நீலம் வந்தால் வால்வு சீல், அதாவது வால்வு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கிற ரப்பர், போயிருக்கும். ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரான போரும் தேய்ந்திருக்கும், செலவு பல மடங்கு.

அருமனையிலிருந்து: ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி படிகிறது. வண்டி வீட்டுக்கும் ரப்பர் தோட்டத்துக்கும்தான் ஓடும், 2 கிலோமீட்டர்.

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். எஞ்சின் முழுதாகச் சூடாவதற்குள் நிறுத்தினால் உள்ளே ஈரம் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்துவிடும். வாரம் ஒரு தடவை நாகர்கோவில் வரை ஓட்டிவிட்டு வாருங்கள், கிலோமீட்டர் ஆகவில்லையே என்று ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். இப்படி 'கம்மியா ஓடின' ஒரு வண்டியைப் போன மழையில் பிரித்தேன், வால்வுகளை இயக்குகிற கேம் முழுக்கப் புள்ளிப் புள்ளியாக அரித்திருந்தது. மனசு கேட்கவில்லை.

குளச்சலிலிருந்து: உப்புக் காற்று எஞ்சினைத் தின்னுமா?

உள்ளே தின்னாது. செயின், சைலன்சர், ஒயர் கனெக்டர்களைத்தான் தின்னும். அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

ஆரல்வாய்மொழியிலிருந்து: இங்கே எப்போதும் காற்றும் தூசியும்தான். எதைக் கவனிக்க வேண்டும்?

ஃபில்டரைத் தாண்டி கார்புரேட்டருக்குப் போகிற குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். நறநறவென்று மண் ஒட்டினால் ஃபில்டர் கிழிந்திருக்கும், இல்லையென்றால் சரியாக உட்காரவில்லை. அந்த மண் சிலிண்டரை அரம் போல ராவிவிடும்.

நாகர்கோவிலிலிருந்து: எந்த கம்பெனி எஞ்சின் அதிக நாள் உழைக்கும்?

விடியற்காலையில் மீன் ஏலம் நடக்கிற இடத்துக்குப் போங்கள். ஐஸ் பெட்டியோடு தினமும் ஏற்றம் ஏறுகிற வண்டிகளைப் பார்த்து, எந்த வருடத்து வண்டி, ஹெட் எத்தனை தடவை திறந்தீர்கள், ஆயில் எப்போது மாற்றுகிறீர்கள் என்று அந்த அண்ணன்மாரிடமே கேளுங்கள்.