கூட்டாளிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, என் தம்பிக்கு மட்டும் ஏன்?

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது. கல்லூரி விடுதியில் நண்பர்கள் மூவரோடு ஏழெட்டு மாதமாகத் தினமும் கஞ்சா புகைத்திருக்கிறான். அவர்கள் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இவன் வீட்டுக்கு வந்து பத்து நாளாக ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். செல்போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடி, ஒட்டுக்கேட்கிறார்கள் என்கிறான். தூக்கமே இல்லை. கேட்டால், ‘எல்லாரும்தானே அடிச்சோம்’ என்கிறான். தானாகச் சரியாகிவிடுமா?
- வாசகி, திருச்சி

பதில்: காத்திருக்காதீர்கள், சகோதரி. புகைத்த கஞ்சாவின் போதை சில மணி நேரத்தில் இறங்கிவிடும். பத்து நாள் நீடிக்கும் சந்தேகத்தைப் போதை என்று சொல்ல முடியாது. நாளையோ மறுநாளோ மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாகப்போகிறேன் என்று சொன்னாலோ, காதில் குரல் கேட்டு அது ஏவுகிறது என்றாலோ, சோறு தண்ணீர் மறுத்தாலோ இன்றைக்கே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இனி, அவன் கேட்பது. நம் மூளையே கஞ்சாவைப் போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. 1992இல் அதைக் கண்டுபிடித்தவர்கள் ‘ஆனந்தம்’ என்ற சொல்லை வைத்தே அதற்கு ‘ஆனந்தமைடு’ என்று பெயரிட்டார்கள். பயம், நினைவு, தூக்கம் ஆகியவற்றை அது தேவையான இடத்தில், தேவையான அளவில் சரிசெய்கிறது. கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி., ஆனந்தமைடு திறக்கும் அதே பூட்டுக்குள் நுழையும் கள்ளச்சாவி. மூளை முழுக்க ஒரே நேரத்தில் திறந்துவிடும். அந்தப் பூட்டுகள் எத்தனை, எவ்வளவு உறுதி என்பது ஆளுக்கு ஆள் வேறு. கல்லீரல் டி.எச்.சி.யைச் சிதைக்கும் வேகமும் மரபணுவைப் பொறுத்து மாறும். ஒரே பொட்டலத்தைப் பகிர்ந்த நால்வருக்கும் ஒரே அனுபவம் கிடைக்காது.

வயதும் முக்கியம். முன்மூளை 25 வயதையொட்டித்தான் முதிர்கிறது. மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) தலைகாட்டுவதும் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலிருந்து முப்பதுக்குள்தான். சரக்கின் வீரியமும் முக்கியம். டி.எச்.சி. அதிகமுள்ள சரக்கைத் தினமும் புகைப்பவர்களுக்கு இல்லாததை உண்மை என்று நம்பவைக்கும் தீவிர மனநோய் (சைக்கோசிஸ்) வரும் வாய்ப்பு, தொடாதவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று ஐரோப்பாவின் பல நகரங்களில் நடந்த ஆய்வு 2019இல் காட்டியது. வாங்குகிற பொட்டலத்தில் எவ்வளவு வீரியம் என்பது வாங்குகிறவனுக்குத் தெரியவே தெரியாது.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விவரம். குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா? இப்படிக் கேட்டால் பெரும்பாலும் ‘இல்லை’ என்பார்கள். ‘பெரியப்பா கடைசி வரை யாரோடும் பேசாமல் இருந்தாரா? அத்தைக்குச் சாமி பிடித்தது என்று கோயில் கோயிலாக அழைத்துப்போனீர்களா?’ என்று கேட்டால்தான் அம்மாவின் முகம் மாறும். அந்தச் சரடு உள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கஞ்சா மற்றவர்களைவிட அதிக ஆபத்து. அம்மாவிடம் தனியாகக் கேட்டு, தெரிந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நாலு நாளில் தெளிந்தாலும் சிகிச்சையை விடாதீர்கள். கஞ்சாவால் மனநோய் கண்டவர்களை டென்மார்க்கில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தபோது, கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பின்னாளில் மனச்சிதைவோ, மனம் அளவுகடந்த உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் இருதுருவ நோயோ வந்திருந்தது. மீதிப் பாதிக்கு வரவில்லை என்பதும் உண்மை. சீக்கிரம் பார்த்தால் குணம் நன்றாகத் தெரியும். இனி அவன் கஞ்சாவைத் தொடவே கூடாது. ‘ஒரு இழுப்புதானே’ என்பது அந்த மூவருக்கு வேண்டுமானால் சின்ன விஷயமாக இருக்கலாம். இவனுக்கு அப்படியில்லை.

போலீஸ் பயத்தில் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நோயாளியின் ரகசியத்தைக் காக்க 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமே சொல்கிறது. வெளியே வர மறுத்தால் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் பேசுங்கள். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

அவனிடம் ‘யாரும் ஒட்டுக்கேட்கலடா’ என்று வாதாடாதீர்கள். ‘பயமா இருக்கா? பத்து நாளா தூங்கல, தூக்கத்துக்கு டாக்டரைப் பார்ப்போம், நானும் கூட வரேன்’ என்று சொல்லுங்கள். ஒட்டுக்கேட்கிறார்கள் என்ற பயத்துக்காக டாக்டரிடம் வர மறுப்பவன்கூடத் தூக்கத்துக்காக வருவான். போகும்போது, எந்த ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினான், என்ன சாப்பிட்டான் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.