முடிவு தவறு என்று தெரிந்தும் நீதிபதி ஏன் தலையிடவில்லை?

கேள்வி: என் தொழில் உரிமத்துக்கு உள்ளாட்சி அமைப்பு கடுமையான ஒரு நிபந்தனை போட்டது. வழக்குத் தொடர்ந்தேன். "நானாக இருந்தால் இப்படி நிபந்தனை போட்டிருக்க மாட்டேன்" என்று சொன்ன நீதிபதியே மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார். மேல்முறையீடு செய்தால் பலன் உண்டா?

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் நீதிபதி சொன்ன அந்த ஒரு வரியை நம்பி மேலே போனால் அங்கேயும் தோற்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இதே மாதிரி ஒரு வழக்கு 1947-இல் இங்கிலாந்தில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை படம் ஓட்டிக்கொள்ளலாம், ஆனால் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை, பெரியவர்கள் கூட வந்தாலும், உள்ளே விடக்கூடாது என்றது வெட்னஸ்பரி நகராட்சி. திரையரங்கு நிறுவனம் வழக்குப் போட்டுத் தோற்றது. நிபந்தனை போடும் அதிகாரத்தைச் சட்டம் கொடுத்தது நகராட்சிக்கு. அதன் நாற்காலியில் நீதிமன்றம் போய் உட்கார முடியாது என்பதுதான் கிரீன் பிரபுவின் தீர்ப்பின் சாரம். புத்தியுள்ள எவருமே எடுக்க முடியாத முடிவாக இருந்தால் மட்டும் தலையிடலாம். அதற்கு அவர் எடுத்துக்காட்டிய உதாரணம்: தலைமுடி செம்பட்டையாக இருக்கிறது என்று ஓர் ஆசிரியையை வேலையிலிருந்து நீக்குவது. முடியின் நிறத்துக்கும் பாடம் நடத்துவதற்கும் என்ன சம்பந்தம்?

இந்திய உச்ச நீதிமன்றமும் 1994-இல் டாடா செல்லுலார் டெண்டர் வழக்கில் இதையே சொன்னது: முடிவு எடுக்கப்பட்ட விதத்தைத்தான் பார்ப்போம், மேல்முறையீடு கேட்பதுபோல் முடிவையே எடைபோட மாட்டோம்.

இந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். உள்ளாட்சி உறுப்பினரை அடுத்த தேர்தலில் மாற்றலாம். நீதிபதியை அப்படி மாற்ற முடியாது. அதேசமயம், அடிப்படை உரிமை பறிபோகும் இடத்தில் நீதிபதி ஒதுங்கி நின்றால் அது பெரிய தவறு. அங்கே இன்னும் உன்னிப்பாகப் பார்க்கத்தான் வேண்டும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? "நிபந்தனை அநியாயம்" என்ற வாதத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள். அது எப்படி வந்தது என்று தோண்டுங்கள். அப்படி நிபந்தனை போட அவர்களுக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டா? உங்கள் தரப்பைக் கேட்டார்களா? காரணத்தை எழுத்தில் கொடுத்தார்களா? சம்பந்தமில்லாத எதையாவது கணக்கில் எடுத்தார்களா? இதில் ஒன்று உறுதியாகச் சிக்கினாலும் மேல்முறையீட்டுக்கு உயிர் உண்டு. அப்போதும் நீதிமன்றம் பெரும்பாலும் தானே உரிமம் எழுதித் தராது. மறுபடி பரிசீலிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பும்.

எதுவும் சிக்காவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி அந்த அமைப்பிடமே காரணங்களோடு புதிதாக விண்ணப்பியுங்கள். எப்படியானாலும் முதலில் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி, மேல்முறையீட்டுக் கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.