தம்பி ஸ்பீடு ஹேக் போடவில்லை என்று லாகில் எந்த வரி சொல்லும்?

கேள்வி: நானும் என் தம்பியும் குடியாத்தத்தில் ஒரே வீட்டு வைஃபையில், தனித்தனி கம்ப்யூட்டரில், ஜெர்மனியில் ஓடும் ஒரு மைன்கிராஃப்ட் சர்வரில் இரண்டு வருஷமாக ஆடுகிறோம். 2025 மே 18 இரவு தம்பிக்கு ‘ஸ்பீடு ஹேக்’ (ஏமாற்று நிரல் போட்டு வேகமாக ஓடுவது) என்று தடை. மறுநாள் ‘ஒரே ஆளின் இரண்டாவது அக்கவுன்ட்’ என்று எனக்கும் தடை. அட்மினிடம் கேட்டதற்கு சர்வர் லாகிலிருந்து (நடப்பதை நேரத்தோடு எழுதிவைக்கும் கோப்பு) நாற்பது வரி வெட்டி அனுப்பினார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருவர், 3,000 ரூபாய் கொடுத்தால் அந்த லாகுக்கு ‘எவிடன்ஸ் சர்டிபிகேட்’ வாங்கி அப்பீலும் போட்டுத் தருகிறேன் என்கிறார். பாஸ்வேர்டும் வேண்டுமாம். கொடுக்கலாமா?

பதில்: பாஸ்வேர்டு கொடுக்காதீர்கள். கொடுத்தாயிற்று என்றால் இதைப் படித்து முடிக்கும் முன்பே மாற்றிவிடுங்கள். அப்பீலுக்கு உங்கள் பாஸ்வேர்டு எதற்கு? தடை இருப்பது சர்வரில். உங்கள் அக்கவுன்ட்டுக்குள் நுழைந்தால் அதை நீக்க முடியாது. அக்கவுன்ட்டை இன்னொருவருக்கு விற்க மட்டும்தான் முடியும். டெலிகிராமில் ‘அன்பேன் சர்வீஸ்’ நடத்துகிறவர்கள் ஓடிபி கேட்பதும் இதற்குத்தான்.

இனி லாக். உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் லாகுக்கு மதிப்பு குறைவு, ஏனென்றால் அதை நோட்பேடில் திறந்து யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அது அட்மினுக்கும் தெரியும். அவர் கையில் இருக்கும் லாகை அவர் நம்புவார். ஆகவே உங்கள் வேலை, அவருடைய லாகில் அவர் எந்த விநாடியைப் பார்க்கவேண்டும் என்று விரல் வைத்துக் காட்டுவது. முழுக் கோப்பையும் அனுப்பி ‘நீங்களே பாருங்கள்’ என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்.

மைன்கிராஃப்ட் லாகில் ஒவ்வொரு வரியும் மணி:நிமிஷம்:விநாடியோடு தொடங்கும், தேதி இருக்காது. ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைக் கேலி பேசும் பட்டியலில் இந்தத் தேதி இல்லாத லாகையும் சேர்த்துக்கொள்ளலாம். தேதி, கோப்பின் பெயரில்தான் இருக்கும்: ஆண்டு-மாதம்-நாள், பிறகு 1, 2 என்று ஒரு எண். சர்வரை நிறுத்தித் திரும்ப ஓட்டினால் அடுத்த எண்ணில் புதுக் கோப்பு. வெட்டி ஒட்டிய நாற்பது வரியில் இந்தப் பெயர் வராது. எந்தக் கோப்பிலிருந்து எடுத்தது என்று அட்மினிடம் முதலில் கேளுங்கள்.

அடுத்த தொல்லை நேரம். ஜெர்மனியில் கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி வித்தியாசம், குளிர்காலத்தில் நான்கரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். மே மாதத்துக்கு நான்கரையைக் கூட்டி எழுதினால் ஒரு மணி நேரம் தள்ளிப்போய், ‘அப்போது ஆன்லைனிலேயே இல்லை’ என்று நீங்களே பொய் சொன்னதுபோல் ஆகிவிடும். சர்வர் எந்த நேரத்தில் ஓடுகிறது என்பதைத் தடைப் பட்டியல் கோப்பு சொல்லும். அதில் தடை பதிவான நாள், மணியோடு ‘+0200’ என்றோ ‘+0100’ என்றோ ஒட்டியிருக்கும்.

இதைவிடச் சுலபமான வழி சாட். பொதுவில் போடும் சாட் வரி சர்வர் லாகிலும் பதிவாகும், உங்கள் கம்ப்யூட்டரில் ‘.மைன்கிராஃப்ட்’ ஃபோல்டருக்குள் ‘லாக்ஸ்’ ஃபோல்டரில் இருக்கும் கோப்பிலும் பதிவாகும். (போனில் ஆடும் பதிப்பில் இந்த ஃபோல்டர் இப்படிக் கிடைக்காது.) யாரோ ‘இரும்பு இருக்கா’ என்று கேட்டது சர்வரில் 17:40:32, உங்களிடம் 21:10:35 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 3 மணி 30 நிமிஷம் 3 விநாடி. உங்கள் கம்ப்யூட்டர் கடிகாரம் 3 விநாடி முந்துகிறது என்று புரிந்துவிடும். இப்படி இரண்டு மூன்று சாட் வரிகளைப் பொருத்திவிட்டால் நேரக் கணக்கில் யாரும் குறை சொல்ல முடியாது.

இப்போது ஸ்பீடு குற்றச்சாட்டு. நீங்கள் அனுப்பிய நாற்பது வரியில் மூன்று வரிகள் போதும். 17:42:07-க்கு ‘கேன்ட் கீப் அப்’ (ஈடுகொடுக்க முடியவில்லை) என்று ஒரு எச்சரிக்கை: 6150 மில்லிவிநாடி, 123 டிக் பின்தங்கியது. 17:42:09-க்கு தம்பியின் பெயரோடு ‘மூவ்ட் டூ க்விக்லி’ (மிக வேகமாக நகர்ந்தார்). அதே விநாடியில் வேறொரு ஆட்டக்காரர் பெயரோடும் அதே வரி. 17:42:11-க்குத் தடை.

டிக் என்பது சர்வர் ஆட்டத்தை ஒருமுறை கணக்கிட்டு நகர்த்தும் அடி. மைன்கிராஃப்ட் சர்வரின் ஒரு விநாடி என்பது 20 டிக். ஒரு டிக்குக்கு 50 மில்லிவிநாடி. 123-ஐ 50-ஆல் பெருக்கினால் 6150. அதாவது சர்வர் ஆறு விநாடிக்கு மேல் மூச்சுத் திணறி நின்றிருக்கிறது. அந்த ஆறு விநாடியும் உங்கள் தம்பியின் கம்ப்யூட்டர் நடையை நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருந்தது. சர்வர் எழுந்ததும் சேர்ந்து கிடந்த நடை மொத்தமும் ஒரே மூச்சில் கணக்கில் ஏறும்போது, பாய்ந்து ஓடியதுபோல் தெரியும். தம்பி மட்டும் மாட்டியிருந்தால் சந்தேகப்பட இடமுண்டு. பக்கத்து ஆளும் அதே விநாடியில் ‘பாய்ந்திருக்கிறார்’ என்றால் கோளாறு சர்வரில். அப்பீலின் உயிர் அந்த இரண்டாவது பெயர்தான்.

‘கேன்ட் கீப் அப்’ வரி இல்லாவிட்டால் சர்வர் நன்றாக ஓடியது என்று பொருளில்லை. ஒவ்வொரு தடங்கலுக்கும் அது எழுதாது. ஒருமுறை எழுதினால் சற்று நேரம் வாயை மூடிக்கொள்ளும். தடங்கல் நம் பக்கமும் வரலாம். கரண்ட் போய் இன்வர்ட்டருக்கு மாறும்போது ரவுட்டர் அணைந்து எரிந்தால், சர்வர் சற்று நேரம் காத்திருந்து ‘டைம்டு அவுட்’ (பதில் வராமல் இணைப்பு முறிந்தது) என்று எழுதும். உங்கள் இருவர் பெயரும் அடுத்தடுத்து அப்படி விழும். அண்ணன் தம்பி சேர்ந்தே மறைவதைப் பார்த்துத்தான் ‘ஒரே ஆள்’ என்று முடிவு கட்டியிருப்பார்கள். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கலாம் என்ற எண்ணமே வராத ஆட்களிடம் அதிகாரம் இருக்கிறது, என்ன செய்வது.

இரண்டாவது அக்கவுன்ட் குற்றச்சாட்டுக்கு ஐபி முகவரியை (இணையத்தில் உங்கள் வீட்டு இணைப்பின் எண்) வைத்து வாதாடாதீர்கள். ஒரே வைஃபை, ஐபி ஒன்றாகத்தான் இருக்கும். அதற்குப் பின்னால் வரும் போர்ட் எண் வேறுபடுவதைக் காட்டுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு இணைப்புக்கும் அது மாறும், எதையும் நிரூபிக்காது. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ‘வேன் ஐபி’ (ரவுட்டருக்கு வெளியிலிருந்து கிடைத்த ஐபி) 100.64-லிருந்து 100.127-க்குள் இருந்தால் மட்டும், இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபியைப் பங்கிட்டுத் தருகிறது என்று ஒரு வரி சேருங்கள்.

பேசவேண்டியது ஒரே விநாடியில் இரண்டு கை. பல சர்வர்களில் கோர்ப்ரொடெக்ட் என்ற பிளகின் (சர்வரோடு சேர்க்கும் துணை நிரல்) இருக்கும். யார், எந்த இடத்தில், எப்போது கல்லை உடைத்தார், வைத்தார் என்பதை அது எழுதிவைக்கும். நீங்கள் ஒரு மூலையில் சுவர் எழுப்பிக்கொண்டிருக்க, தம்பி இன்னொரு மூலையில் சுரங்கம் தோண்டிய பத்து நிமிஷத்தைக் குறிப்பிட்டு, இரண்டு பெயரையும் அதில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் சும்மா நிற்கும் நேரத்தைக் கொடுக்காதீர்கள். இரண்டு விண்டோ திறந்து அதை யாரும் செய்யலாம்.

கடிதம் இந்த அளவு இருந்தால் போதும்:

“2025 மே 18, சர்வர் நேரம் 17:42:11-க்கு என் தம்பிக்குத் தடை. அதே லாகில் 17:42:07-க்கு சர்வர் 123 டிக் பின்தங்கியது. 17:42:09-க்குத் தம்பியோடு இன்னொருவருக்கும் அதே எச்சரிக்கை. இந்த மூன்று வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டுகிறேன். நாங்கள் இருவரும் ஒரே வீட்டு அண்ணன் தம்பி. கீழே குறித்த பத்து நிமிஷத்தில் எங்கள் இருவர் பெயரையும் கோர்ப்ரொடெக்டில் தேடுங்கள்.”

இதோடு இரண்டு அக்கவுன்ட்டின் யூயூஐடியும் (அக்கவுன்ட்டின் அடையாள எண்). பெயர் மாறும், அது மாறாது. கோபம், ‘இரண்டு வருஷ உழைப்பு’ எல்லாம் வேண்டாம். கோப்பைக் கேட்டால் மூலக் கோப்பையே அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம், வேர்டில் ஒட்டி அழகுபடுத்தவும் வேண்டாம். மற்றவர்களின் ஐபி தெரியும் வரிகளைப் பொது சேனலில் போடாதீர்கள். முடிவு வரும்வரை வேறு அக்கவுன்ட்டிலோ விபிஎன்னிலோ எட்டிப் பார்க்காதீர்கள். தடையுள்ளவர் கதவைத் தட்டினால் அதையும் லாக் எழுதும், அதுவே புதுக் குற்றச்சாட்டாகும்.

கடைசியாக அந்த 3,000 ரூபாய் சர்டிபிகேட். அவர் சொல்வது, மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் சாட்சியாகக் கொடுக்கும்போது வைக்கும் சான்றிதழ், பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. அந்தச் சட்டமே இப்போது இல்லை. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியம். அதில் 63-வது பிரிவு. அந்தச் சான்றிதழுக்கு இரண்டு பகுதி. ஒன்றில் அந்தப் பதிவைக் கொடுப்பவர் கையெழுத்திட வேண்டும், மற்றதில் ஒரு நிபுணர். கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணும் எழுதவேண்டும். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். ஜெர்மனியில் ஓடும் சர்வருக்கு குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் யார் பொறுப்பாளர்? வெட்டி ஒட்டிய நாற்பது வரிக்கு எந்தக் கோப்பின் ஹாஷ்? சத்துவாச்சாரி கோர்ட் வாசலில் முத்திரைத்தாளில் டைப் அடித்து நோட்டரி சீல் குத்தினாலும் அது 63-வது பிரிவுச் சான்றிதழ் ஆகாது. அப்படியே ஆனாலும் ஜெர்மனி அட்மின் அதைக் கேட்கப் போவதே இல்லை. அவர் நீதிபதி கிடையாது, அது அவருடைய சர்வர்.

சான்றிதழ் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு: பணம் போய், விஷயம் கோர்ட்டுக்குப் போகும்போது. அந்த ஆளிடம் ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்திருந்தால் அது வேறு வழக்கு. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள், ஆடியோவையும் சேர்த்து.