கெட்டிக்காரப் பிள்ளைக்கு மொண்டிசோரி சரிவருமா?

யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகனுக்கு நாலு வயது. உதயன் பேப்பரின் தலைப்புகளை எழுத்துக் கூட்டாமலே வாசிக்கிறான், நூறு தாண்டி எண்ணுகிறான். ஆனால் முன்பள்ளியில் 'அ' எழுதச் சொன்னால் அழுகிறான். மொண்டிசோரிக்கு மாற்றலாமா?"

மாற்றலாம். ஆனால் பெயர்ப்பலகையைப் பார்த்து மாற்றாதீர்கள். எங்கள் ஊரில் எந்த முன்பள்ளியையும் மொண்டிசோரி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பெயர் யாருக்கும் தனிச் சொந்தமும் இல்லை, யாரும் படலையில் எழுதி மாட்டலாம்.

முதலில் அந்த அழுகையைப் பார்ப்போம். உங்கள் மகனின் வாசிப்பு முன்னே ஓடுகிறது, விரல்களுக்கோ இன்னும் நாலு வயதுதான். கெட்டிக்காரப் பிள்ளைகளில் இதை அடிக்கடி காணலாம். இது பிடிவாதம் இல்லை. இந்தக் கல்வி முறையை உருவாக்கிய மரியா மொண்டிசோரி, 1907இல் ரோமில் தன் முதல் சிறுவர் இல்லத்தைத் தொடங்கியவர், இதற்கு அழகான வழி வைத்திருக்கிறார். வெட்டியெடுத்த தனித்தனி எழுத்துகளைப் பாயில் அடுக்கி, பென்சில் தொடாமலே பிள்ளை சொல் கட்டும். கணக்கும் அப்படித்தான். ஒற்றைப் பாசிமணி, பத்து மணி கோர்த்த கம்பி, நூறு மணித் தட்டு, ஆயிரம் மணிக் கட்டி. இவற்றைக் கையில் தூக்கிப் பார்த்தே ஆயிரக்கணக்கில் கூட்டலாம். உங்கள் மகனுக்கு இது பெருவிருந்தாக இருக்கும்.

அதனால் ஒரு காலைப்பொழுது போய் ஓரமாக இருந்து பாருங்கள். ஒரு பிள்ளை வேலையை முடித்தவுடன் என்ன நடக்கிறது? அடுத்த கடினமான பொருள் கைக்கு வருகிறதா, அல்லது மற்றவர்கள் முடிக்கும்வரை கைகட்டி இருக்கச் சொல்கிறார்களா? மூன்று வயதும் ஐந்து வயதும் ஒரே அறையில் இருக்கிறார்களா? எல்லோரும் கரும்பலகையைப் பார்த்து ஒரே எழுத்தை எழுதுகிறார்கள் என்றால், இப்போது இருக்கும் இடமே போதும்.

குறையும் உண்டு. இந்த வகுப்பு 3 முதல் 6 வயதுவரைக்குமானது. இங்கே ஐந்து முடிந்ததும் பிள்ளை தரம் 1க்குப் போய்விடும், பலன் கனியும் மூன்றாவது ஆண்டு கிடைக்காது. அப்புறம், கற்பனைக் கதையும் பாவனை விளையாட்டுமே உயிர் என்ற பிள்ளைக்கு அசல் மொண்டிசோரி கொஞ்சம் வறட்சியாகப் படலாம். அவன் அப்படியானவன் என்றால் கதையை வீட்டில் தாராளமாகக் கொடுங்கள்.

விரல்கள் பழகும்வரை 'அ' எழுதச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். பயறு தெரிந்தெடுக்கட்டும், மா குழைக்கட்டும், சட்டைப் பொத்தானைத் தானே பூட்டட்டும். தரம் 1க்குப் போகும்போது வகுப்பாசிரியையிடம் இவன் வாசிப்பான் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், பையில் ஒரு கதைப் புத்தகமும் வைத்து விடுங்கள்.