ட்ரெய்லர் ஹப் ஆயில் பால் மாதிரி ஆகிவிட்டது, கிரீஸ் அடைத்து ஓட்டலாமா?

அடைக்காதீர்கள். ஆயில் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுவில் பேரிங் ஆயிலில் ஊறிச் சுற்றும் கூட்டில், கிரீஸை வைத்தால் ஆயில் பேரிங்குக்குப் போகும் வழியே அடைந்துவிடும், எதைக் காப்பாற்ற நினைத்தீர்களோ அதுதான் முதலில் கருகும்.

பால் நிறம் என்றால் தண்ணீர். பாலாற்றிலேயே தண்ணீர் இல்லை, ஹப்புக்குள் எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வாட்டர் சர்வீஸ். ராணிப்பேட்டையில் லோடு ஏற்றிப் போய்விட்டு ஹைவேயில் கொதிக்கக் கொதிக்க வந்து நேராகத் தண்ணீர் பீச்சி அடித்தால், சூடான ஹப் சட்டென்று குளிர்ந்து உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ஹப் மூடி நடுவில் இருக்கும் ரப்பர் பிளக் வழியாகவோ, பின்பக்கம் ஆயில் ஒழுகாமல் தடுக்கும் சீல் தேய்ந்திருந்தால் அதன் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கை வைக்கிற சூட்டுக்கு வந்த பிறகு கழுவுங்கள், அப்போதும் மூடிக்கு நேரே பீச்ச வேண்டாம்.

சரி, இப்போது கழற்றித்தான் ஆக வேண்டும். ஆயிலை வெள்ளைத் துணியில் கொஞ்சம் விட்டுப் பாருங்கள். வெள்ளிப்பொடி மாதிரி மினுங்கினால் பேரிங் தின்ன ஆரம்பித்துவிட்டது, கறுத்துப்போய்த் தீய்ந்த வாடை வந்தால் பேரிங்கைப் பிடிக்கும் நட்டை யாரோ அதிகமாக இறுக்கித் தொலைத்திருக்கலாம். டீசலில் கழுவியதும் காற்று அடித்து பேரிங்கைச் சுற்றவிடாதீர்கள், ஷெட்டில் பையன்களுக்கு அந்த விசில் சத்தம் அவ்வளவு பிடிக்கும், ஆனால் உலர்ந்த ரோலர் அந்த வேகத்தில் சுற்றினால் கோடு விழும், ரோலர்களைப் பிடித்திருக்கும் கூடு உடைந்து ரோலர் தெறிக்கவும் செய்யும். கப்பில், அதாவது ரோலர் உருளும் வெளி வளையத்தில், நகத்தை ஓட்டுங்கள். தட்டுப்பட்டால் கப், கோன் (ரோலர்களோடு இருக்கும் உள் வளையம்) இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், புது கோனைப் பழைய கப்பில் போடுவது வீண் செலவு.

சீல் மட்டும் எப்படி இருந்தாலும் புதுசு. நான் ஒருமுறை "நல்லாத்தானே இருக்கு" என்று பழசையே திரும்ப அடித்துவிட்டேன், பள்ளிகொண்டா டோல் தாண்டுவதற்குள் டயரின் உள்பக்கம் முழுக்க ஆயில், பிரேக் லைனர் ஊறிப்போய் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. ஊறிய லைனரை பெட்ரோலில் கழுவிப் போடுவேன் என்றேன். மேஸ்திரி என் கையிலிருந்து பிடுங்கிக் குப்பையில் போட்டார். அவர் செய்தது சரிதான், சூடேறினால் உள்ளே ஊறியது மறுபடி கசியும். ஆக்சில் முனையான ஸ்பிண்டிலில் சீல் உட்காரும் இடத்தில் பள்ளம் இருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள், இருந்தால் புது சீலும் ஒழுகும்.

மாட்டும்போது, ஹப்பில் ஊற்றப்போகும் அதே புது ஆயிலில் பேரிங்கை நனைத்து வையுங்கள். ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, முழுசாகத் தளர்த்தி, மறுபடி லேசாக இறுக்கிக் கொஞ்சம் பின்னால் விட வேண்டும். எவ்வளவு முறுக்கு, எவ்வளவு பின்னால் என்பது ஆக்சிலுக்கு ஆக்சில் மாறும், அந்தக் கம்பெனி புத்தகத்தைப் பாருங்கள். கடைசியில் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் முள் மீட்டர்) வைத்தால் பிளே, அதாவது ஹப் உள்ளும் வெளியும் அசையும் அளவு, 0.025 மில்லிமீட்டருக்கும் 0.125க்கும் நடுவில் காட்ட வேண்டும். "கையால ஆட்டிப் பார்த்தேன், ஆடலை" என்பதெல்லாம் கணக்கில்லை, ஆடவே இல்லை என்றால் இறுகிப்போயும் இருக்கலாம்.

ஆயில் பெரும்பாலும் 80டபிள்யூ-90 கியர் ஆயில்தான். மட்டமான தரையில் நிறுத்தி, மூடியில் இருக்கும் கோடு வரை மெதுவாக விடுங்கள். வெளி பேரிங்கைத் தாண்டி உள்ளே இறங்க நேரம் எடுக்கும், ஊற்றியதும் நிறைந்த மாதிரி காட்டிவிட்டுப் பத்து நிமிஷத்தில் இறங்கிவிடும், அப்புறம் மறுபடி விட வேண்டும். கோட்டைத் தாண்டியும் ஊற்றாதீர்கள்.

மற்ற சக்கரங்களை இப்போதே கழற்ற வேண்டாம், ஹப் மூடியில் இருக்கும் கண்ணாடியைத் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெயிலில் மஞ்சளான கண்ணாடியில் பழைய கறை ஆயில் லெவல் மாதிரியே கோடு காட்டும். ஜாக்கி வைத்துச் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றுங்கள், கோடும் கூடவே சுற்றினால் அது கறை, ஆயில் லெவல் இல்லை.