பாப்பாவை மூன்றாவது தடவை நீட் கோச்சிங்குக்கு அனுப்பாதீர்கள்

சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் போன வாரம் மனைவி, மகளோடு வந்திருந்தார். நீட் இரண்டு முறை எழுதியும் மகளுக்கு மதிப்பெண் வரவில்லை, மூன்றாவது தடவை கோச்சிங் அனுப்பலாமா என்று கேட்டார். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடலாம், வீட்டுப் பத்திரத்தை வைத்தால் பேங்கில் கடன் கிடைக்கும் என்று பெண்ணின் சித்தப்பா தினமும் போன் செய்கிறாராம். முதல் பத்து நிமிடம் நானும் ஆறுதல்தான் சொன்னேன். அதற்கப்புறம் சொன்னதை எழுதுகிறேன். சேலத்தில் இதே பேச்சு இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அண்ணா, வீட்டுப் பத்திரத்தைத் தொடாதீர்கள். வெளிநாட்டில் படித்து வந்தாலும் இங்கே ஒரு தேர்வில் தேறினால்தான் வைத்தியம் பார்க்க முடியும், அதுவரை வட்டி நிற்காது. பாப்பாவுக்கும் அதில் மனசில்லை. நாம் பேசிக்கொண்டிருந்த ஒரு மணி நேரத்தில் அவள் நிமிர்ந்து பேசியது ஒரே ஒரு தடவை. ஏற்காடு மலைக் கிராமத்தில் பிள்ளையார் முன்னால் வைத்திருந்த வழவழப்பான கற்கள் புதிய கற்காலக் கோடரிகள் என்று சொன்னாளே, அப்போதுதான். ஆங்கிலேய நிலவியலாளர் புரூஸ் ஃபூட் திரட்டிய சேர்வராயன் மலைக் (ஏற்காடு இருக்கும் மலைதான்) கோடரிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன என்று நான் சொன்னதும் அவள் முகம் மாறியதை நீங்களும் பார்த்தீர்கள்.

மியூசியத்தில் என்ன வேலை இருக்கிறது என்று கேட்டீர்கள். வரலாறு, கல்வெட்டு வழியை இப்போதைக்கு விடுங்கள், அவளுக்கு மதிப்பெண் வருவது வேதியியலில். பழம்பொருள்களுக்கு வைத்தியம் பார்ப்பது வேதியியல்காரர்கள்தான். எழும்பூரில் அதற்கென்று 1930-லேயே ஆய்வகம் தொடங்கினார்கள், அங்கே வேலை பார்த்த எஸ். பரமசிவன் தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களைக்கூட ஆராய்ந்தவர்.

மண்ணுக்குள் பல நூறு வருடம் கிடந்த செப்புத் திருமேனியில் உப்பு இறங்கியிருக்கும். வெளியே எடுத்து ஈரக்காற்று பட்டதும் வெளிர்பச்சையாகப் பொடி பூக்கும், பொடி உதிர உதிர உலோகம் அரித்துக்கொண்டே போகும். வெண்கல நோய் என்றே இதற்குப் பெயர். வீட்டுக் குத்துவிளக்கை நாம் புளி போட்டுத் தேய்க்கிற மாதிரி இதைத் தேய்த்தால், களிம்போடு நுண்ணிய வேலைப்பாடும் போய்விடும், சிலை எப்படிப்பட்ட மண்ணில் கிடந்தது என்ற தடயமும் போய்விடும். எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று தெரிவதுதான் இந்தப் படிப்பு.

இரும்பு இன்னும் கஷ்டம். மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கும்போது தெரியும் தெலுங்கனூர் ஈமக்குழிகளில் இரும்புக்கால வாள்கள் கிடைத்தன அல்லவா, அந்த மாதிரிப் பொருளைக் காரக் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைத்து, கரைசலை மாற்றி மாற்றி உப்பை வெளியே இழுக்கிறார்கள். உப்பு போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? கரைசலில் கொஞ்சம் எடுத்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து, சில்வர் நைட்ரேட் விட்டால் வெள்ளை வீழ்படிவு வரக்கூடாது. பிளஸ் டூ லேபில் பாப்பா செய்த அதே சோதனை! கடைசியில் டானிக் அமிலம் (கடுக்காயில் இருக்கும் துவர்ப்புச் சத்து மாதிரி) பூசுவார்கள், துரு கருநீலமாக இறுகிவிடும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து நம் ஆட்கள் மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். அமிலத்தையும் பற்றவைப்பையும் மெருகையும் சின்ன வயதிலிருந்து உங்கள் பட்டறையில் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது எவ்வளவு இயல்பாக வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

வழி இதுதான். சேலம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல். செலவு உங்களுக்குத் தெரியாத அளவுக்குக் குறைவு, பாப்பா அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். அப்புறம் நொய்டாவில் இருக்கும் இந்தியப் பாரம்பரிய நிறுவனத்தில் பழம்பொருள் பாதுகாப்பில் முதுகலை. இல்லையென்றால் எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு இந்தியத் தொல்லியல் துறையின் அறிவியல் பிரிவு வேலைக்குத் தேர்வு எழுதலாம். லக்னோவில் இதற்கென்றே ஒரு தேசிய ஆய்வகம் இருக்கிறது.

ஒன்றை மறைக்க மாட்டேன். பணியிடங்கள் குறைவு, வருடா வருடம் அறிவிப்பு வராது. கிடைக்காமல் போனால் கையில் வேதியியல் பட்டம் இருக்கிறது, மருந்துக் கம்பெனி தரப் பரிசோதனைக்கோ பி.எட். படிக்கவோ போகலாம், வீடும் உங்கள் பெயரிலேயே இருக்கும். வெளிநாட்டுக் கடனில் இந்த இரண்டாவது வாசல் கிடையாது.

விண்ணப்பம் திறந்ததும் முதல் விருப்பம் வேதியியல் என்று போடுங்கள். அதற்கு முன்னால் ஒரு நாள் பட்டறைக்கு லீவு விட்டு அவளை எழும்பூருக்குக் கூட்டிப் போங்கள், வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்றைக்கு விடுமுறை. செப்புத் திருமேனிக் கூடத்தில் அவளை அவசரப்படுத்தாமல் நிற்க விடுங்கள். சித்தப்பா மறுபடி போன் செய்தால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.